என்டர் தட்டுமுன் அந்த நாலு வரியைப் படியுங்கள்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்தால் கறுப்புத் திரை. இடது மூலையில் வெள்ளை எழுத்தில் லாகின் கேட்கிறது, அவ்வளவுதான். ஐகான் இல்லை, மவுஸ் அம்புகூட இல்லை.

"என்ன தம்பி செஞ்சே?"

"ஒண்ணும் செய்யலைண்ணே. தானா இப்படி ஆயிடுச்சு."

லினக்ஸில் எதுவும் தானாக ஆவதில்லை. யார், எப்போது, என்ன தட்டினார் என்று எழுதி வைத்திருக்கும். திறந்து பார்த்தேன். முந்தின இரவு 11:40-க்குப் பைத்தான்3-ஐ நீக்கும் கமாண்ட். ஐந்து நிமிடம் கழித்து, இனித் தேவையில்லாதவற்றை எல்லாம் நீக்கும் ஆட்டோரிமூவ். இரண்டிலும் அவருடைய பெயர். புதுப் பைத்தான் போடுவதற்கு முன் பழையதை எடுத்துவிட வேண்டும் என்று ஏதோ வீடியோவில் சொன்னார்களாம். இதே தவறோடு இந்த வருடம் என்னிடம் வந்த நாலாவது ஆள் இவர்.

உபுண்டுவில் பைத்தான்3 என்பது நாம் பாடம் படிக்கப் போட்டுக்கொள்ளும் மென்பொருள் மட்டுமில்லை. இயங்குதளத்தின் பாதி வேலையாட்கள் அதன் தோளில்தான் நிற்கிறார்கள். அதை உருவினால் அதை நம்பியிருக்கும் டெஸ்க்டாப்பும் கூடவே சரிகிறது. இதை அந்தக் கணினி அவரிடம் மறைக்கவில்லை. நீக்கப்போகும் பேக்கேஜ்கள் இவை என்று பெயர் பெயராகத் திரையில் பட்டியல் போட்டது. கடைசியில் தொடரட்டுமா என்றும் கேட்டது. தம்பி என்டர் தட்டினார்.

என் ஆத்திரம் முழுக்க அந்த என்டர் மேல்தான். பத்து ரூபாய் முத்திரைத் தாளில் கையெழுத்துப் போடுவதென்றால்கூட, "என்ன எழுதியிருக்கு, படி பார்ப்போம்" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிற ஊர் இது. டெர்மினலில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு கைநாட்டு வைக்கிறோம்?

மேலே போவதற்கு முன் ஒரு சொல். கமாண்டுகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். கமாண்டை நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் 'சூடோ' என்பது எஸ், யு, டி, ஓ. பேக்கேஜ்களை நிறுவவும் நீக்கவும் உதவும் 'ஆப்ட்' என்பது ஏ, பி, டி. 'மைனஸ்' என்றால் சிறுகோடு, இரண்டு மைனஸ் என்றால் இரண்டு சிறுகோடு. சூடோ கேட்கும் பாஸ்வேர்டைத் தட்டும்போது திரையில் புள்ளிகூட விழாத கணினிகள் நிறைய. கீபோர்டு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். நான் சொல்வதெல்லாம் டெபியன், அதிலிருந்து பிறந்த உபுண்டு, மின்ட், பாஸ் லினக்ஸ் ஆகியவற்றுக்குப் பொருந்தும். பாஸ், சி-டாக் சென்னை மையம் உருவாக்கியது; 2011-இல் தொடங்கிய தமிழக அரசு மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்துக் கொடுத்ததும் அதுதான். பல வீடுகளில் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்தார்கள். அந்தக் கதை வேறு.

சரி, திரை என்ன சொல்கிறது? நல்ல உதாரணமே எடுத்துக்கொள்வோம். பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்ற விரும்பும் டிடிபி கடைக்காரர் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டெசராக்ட்-ஓசிஆர்-டாம்' என்று தட்டுகிறார். ஆப்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடாது. இந்தப் பேக்கேஜோடு கூட வரவேண்டியவை எவை என்று கணக்குப் போட்டு, புதிதாக வருபவை, மேம்படுபவை, நீக்கப்படுபவை என்று பிரித்துக் காட்டும். கீழே ஒரே வரியில் தொகை: இத்தனை மேம்பாடு, இத்தனை புதியது, நீக்க இத்தனை, விட்டுவைத்தவை இத்தனை. பிறகு எவ்வளவு இடம் பிடிக்கும் அல்லது விடும் என்பது. பிறகு கேள்வி.

அந்தத் தொகை வரியில் 'ரிமூவ்' என்பதற்குப் பக்கத்தில் நிற்கும் எண்ணைப் பாருங்கள். எதையோ நிறுவப் போகிறீர்கள், அங்கே 0 இல்லாமல் 37 இருக்கிறது என்றால் நிறுத்துங்கள். ஒன்றை நீக்கப் போகிறீர்கள், அங்கே 143 இருக்கிறது என்றால் நிறுத்துங்கள். 2025-இல் வந்த ஆப்ட் 3.0, நீக்கப்படுபவற்றைச் சிவப்பு நிறத்திலேயே காட்டுகிறது. சிக்னலில் சிவப்பைப் பார்த்து நிற்காதவர்கள் இதற்கு நிற்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கேள்வியின் முடிவில் அடைப்புக்குறிக்குள் 'ஒய்' பெரிய எழுத்தாகவும் 'என்' சிறிய எழுத்தாகவும் இருக்கும். இது அலங்காரம் இல்லை. பெரிய எழுத்தில் இருப்பதுதான் இயல்பான பதில். ஒன்றும் தட்டாமல் வெறும் என்டர் அழுத்தினாலும் அது 'சரி' என்றே எடுத்துக்கொள்ளும். 'நான் ஒய் போடவே இல்லையே' என்று வாதாடுகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் வழுக்கி விழுந்தவர்கள்.

அதைவிட மோசம், இணையத்தில் கிடைக்கும் கமாண்டுகளில் ஒட்டிக்கொண்டு வரும் 'மைனஸ் ஒய்'. எது கேட்டாலும் சரி என்று முன்கூட்டியே எழுதிக்கொடுப்பது அது. வெற்றுத் தாளில் கையெழுத்து. நகலெடுத்து ஒட்டும்போது அதை அழித்துவிட்டு ஒட்டுங்கள்.

படித்தவர்களும் விழுகிறார்கள். 2021-இல் லினஸ் செபாஸ்டியன் என்ற புகழ்பெற்ற கணினி யூடியூபர் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப்போனார். பேக்கேஜ்களை வைத்திருக்கும் களஞ்சியத்தில் அவற்றின் பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாத நேரம் அது. ஸ்டீம் வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டும் என்று ஆப்ட் எச்சரித்தது. வெறும் ஒய் போதாது, 'யெஸ், டூ ஆஸ் ஐ சே' என்று முழு வாக்கியத்தையும் தட்டினால்தான் செய்வேன் என்றது. அவர் அட்சரம் பிசகாமல் தட்டினார். டெஸ்க்டாப் போனது. களஞ்சியத்தை அப்படி வைத்திருந்தது பாப் ஓஎஸ் காரர்களின் பிழைதான். பிறகு திருத்தினார்கள், ஆப்ட்டும் அந்தக் கதவை இன்னும் இறுக்கிக்கொண்டது. ஆனால் இத்தனை எச்சரிக்கையையும் தாண்டி ஒரு மனிதர் போகிறார் என்றால், அவர் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நிலம் வாங்கப்போகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார் அல்லவா, அதற்கும் இங்கே வழி உண்டு. 'ஆப்ட் ரிமூவ் மைனஸ் எஸ்' என்று தட்டிப் பேக்கேஜின் பெயரைக் கொடுங்கள். சூடோ வேண்டாம். இது ஒத்திகை மட்டுமே. என்னென்ன போகும் என்று சொல்லும், எதையும் தொடாது. இன்ஸ்டாலுக்கும் இதே மைனஸ் எஸ் செல்லும். அரை நிமிட வேலை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் ஒரு வருடமாவது ஒத்திகை பார்க்காமல் எதையும் நீக்கக்கூடாது என்று நான் சட்டமே போட்டுவிடுவேன், என்னிடம் அதிகாரம் இருந்தால்.

பெயரில் நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக நீக்குவது இன்னொரு கெட்ட பழக்கம். 'பைத்தான்' என்று எழுதி நட்சத்திரம் போட்டால் நீங்கள் நினைத்த இரண்டு மட்டும் போகாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: இன்ஸ்டால் கமாண்டில் பேக்கேஜ் பெயரின் வாலில் இடைவெளி இல்லாமல் ஒரு சிறுகோடு ஒட்டியிருந்தால், ஆப்ட் அதை 'நீக்கு' என்று புரிந்துகொள்ளும். நகலெடுத்து ஒட்டுகிறவர்கள் வாலையும் பார்க்க வேண்டும்.

நீக்குவதிலும் வகை உண்டு. 'ரிமூவ்' நிரலை எடுத்துவிட்டு அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். அதனால்தான் மூன்று முறை நீக்கி மூன்று முறை நிறுவியும் அதே பிழை வருகிறது என்று புலம்புகிறீர்கள். கெட்டுப்போன அமைப்புக் கோப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. 'பர்ஜ்' அதையும் சேர்த்து எடுக்கும். ஆனால் போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தள மென்பொருளைப் பர்ஜ் செய்தால், உள்ளே இருக்கும் தரவையும் அழிக்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும். அங்கேயும் என்டர் தட்டிவிட்டு, கடைக் கணக்கு மூன்று வருடம் போச்சு என்று வந்தவரையும் பார்த்திருக்கிறேன். 'ஆட்டோரிமூவ்' துணைக்கு வந்து இப்போது யாருக்கும் வேண்டாதவற்றை அள்ளும். வழக்கமான நாளில் நல்ல பணியாள், பெரிதாக எதையோ நீக்கிய கையோடு ஓடவிட்டால் அந்தத் தம்பிக்கு நடந்ததுதான். உங்கள் ஹோம் அடைவில் இருக்கும் கோப்புகளை இவை எதுவும் தொடுவதில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை மறுபடியும் படியுங்கள். டெஸ்க்டாப் போனால் உங்கள் புகைப்படமோ புராஜெக்ட்டோ போவதில்லை. ஆனால் பயந்துபோய் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோகிறீர்கள். அவர், "ஓஎஸ் போயிடுச்சு சார், ஃபார்மட் போட்டுத் தர்றேன், ஐந்நூறு ஆகும்" என்கிறார். அங்கேதான் எல்லாம் போகிறது. ஃபார்மட் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். கீழே சொல்வதைச் செய்து பார்க்காமல் ஒப்புக்கொள்ளவே கூடாது.

கறுப்புத் திரையில் லாகின் கேட்டால் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையுங்கள். வெறும் கறுப்பாக இருந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; எழுத்துத் திரை ஒன்று திறக்கும். அங்கே 'லெஸ் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்' என்று தட்டி, பெரிய எழுத்து ஜி அழுத்திக் கடைசிக்குப் போங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பத்தி இருக்கும்: தொடங்கிய நாள், நேரம், 'கமாண்ட்லைன்' என்ற வரியில் தட்டிய கமாண்ட், 'ரிக்வெஸ்டட்-பை' என்ற வரியில் தட்டியவர் பெயர், 'ரிமூவ்' என்ற வரியில் போனவற்றின் முழுப் பட்டியல். இழந்த சொத்தின் விவரம் அத்தனையும் அங்கே இருக்கிறது. மாதம் மாறினால் இந்தக் கோப்பு சுருக்கப்பட்டு 'ஹிஸ்டரி.லாக்.1.ஜிஇசட்' என்று போய்விடும்; அதைப் பார்க்க லெஸ் இடத்தில் 'இசட்லெஸ்'. (ஒரு பள்ளியின் கணினி அறையில் "யாரும் எதையும் தொடலைங்க" என்று அடித்துச் சொன்ன ஒருவரின் பெயரே ரிக்வெஸ்டட்-பை வரியில் இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை, திரையைத் திருப்பி வைத்தேன்.)

இணையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'சூடோ ஆப்ட் அப்டேட்', பிறகு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3 உபுண்டு-டெஸ்க்டாப்'. மின்ட், பாஸ் என்றால் ஹிஸ்டரி.லாக் பட்டியலில் அவற்றின் டெஸ்க்டாப் பேக்கேஜ் என்ன பெயரில் இருக்கிறதோ அதைக் கொடுங்கள். பட்டியலில் நீங்கள் பயன்படுத்தும் வேறு மென்பொருள்கள் இருந்தால் அவற்றின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு 'சூடோ ரீபூட்'. பெரும்பாலும் இங்கேயே கதை முடிந்துவிடும்.

இணையத்தை இணைத்துத் தரும் நெட்வொர்க்-மேனேஜரும் சேர்ந்து போயிருந்தால் கொஞ்சம் சுற்றுவழி. அதே பதிப்பு உபுண்டுவை வேறொரு கணினியில் பென்டிரைவில் ஏற்றி, 'நிறுவாமல் முயன்று பார்' என்ற வழியில் இயக்குங்கள். நிறுவு என்ற பொத்தானைத் தொடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். உள்ளே வந்ததும் முதல் வேலையாக உங்கள் கோப்புகளை வேறொரு வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுங்கள். வைஃபையை இணையுங்கள். 'எல்எஸ்பிஎல்கே' என்று தட்டினால் டிஸ்க்கின் பகுதிகள் தெரியும். உங்கள் உபுண்டு இருக்கும் பகுதியைக் கண்டுபிடித்து, 'சூடோ மவுண்ட்' கொடுத்து, அதன் பெயரையும் '/எம்என்டி' என்ற இடத்தையும் எழுதுங்கள். பிறகு 'சூடோ மவுண்ட் இரண்டு மைனஸ் ஆர்பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்'. இதையே '/ப்ராக்', '/சிஸ்', '/ரன்' ஆகியவற்றுக்கும் செய்யுங்கள். மொத்தம் நான்கு. '/ரன்' விட்டுப்போனால் உள்ளே போனதும் இணையம் பேசாது. பலர் தோற்பது அங்கேதான். கடைசியாக 'சூடோ சிஎச்ரூட் /எம்என்டி'. இப்போது நீங்கள் நிற்பது பென்டிரைவில் இல்லை, உங்கள் பழைய வீட்டுக்குள். மேலே சொன்ன ஆப்ட் அப்டேட்டையும் இன்ஸ்டாலையும் இங்கேயே கொடுங்கள். முடிந்ததும் 'எக்ஸிட்', ரீபூட்.

அடுத்து வரும் கூட்டம், மின்வெட்டுக் கூட்டம். மேம்பாடு ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகிறது, அல்லது நேரமாகிறது என்று மூடியை மடக்கிவிடுகிறார்கள். மறுபடி ஆப்ட் தட்டினால், டிபிகேஜி (ஆப்ட்டின் கீழே இருந்து நிறுவும் கருவி) பாதியில் நின்றுவிட்டது, 'சூடோ டிபிகேஜி இரண்டு மைனஸ் கான்ஃபிகர் மைனஸ் ஏ' என்ற கமாண்டை நீங்களே கொடுங்கள் என்று திரை சொல்கிறது. மருந்தின் பெயரை நோயே எழுதித் தருகிறது. அதைத் தட்டாமல், அந்தத் திரையைக் கை ஆட ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணா வரல" என்று எழுதுகிறவர்களுக்கு நான் என்ன பதில் எழுத? அதைத் தட்டுங்கள். பிறகு 'சூடோ ஆப்ட் இரண்டு மைனஸ் ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. இங்கேயும் பட்டியல் வரும், இங்கேயும் ரிமூவ் எண்ணைப் பாருங்கள். பிறகு 'சூடோ ஆப்ட் அப்டேட்'. இந்த வரிசையில்.

பூட்டு விவகாரம் இதற்கு அக்கா. 'லாக் கிடைக்கவில்லை, இன்ன எண்ணுள்ள புரோசஸ் வைத்திருக்கிறது' என்று வரும். பெரும்பாலும் அது பின்னணியில் பாதுகாப்பு மேம்பாடுகளைப் போட்டுக்கொண்டிருக்கும் 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்' வேலையாள். பத்து நிமிடம் விட்டால் முடித்துவிட்டுப் போய்விடும். அதற்குள் யாரோ சொன்னார்கள் என்று '/வார்/லிப்/டிபிகேஜி' அடைவுக்குள் போய் லாக் என்ற பூட்டுக் கோப்பையே அழிக்கிறார்கள். ஒரே கணக்குப் புத்தகத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு. அதை உடைத்தால் புத்தகமே கிழியும். லாக் கோப்பை அழிக்காதீர்கள். அரை மணி நேரமாகியும் நகரவில்லை என்றால் கணினியை முறையாக ரீபூட் செய்து, டிபிகேஜி கான்ஃபிகர் கமாண்டைக் கொடுங்கள். லாக் கோப்பை அழிக்காதீர்கள்.

இதுவரை சொன்னது கைப்பிழை. இனி சொல்வது திருட்டு.

டெபியன், உபுண்டு களஞ்சியங்களிலிருந்து வரும் பேக்கேஜ்களின் பட்டியலில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. வழியில் யாராவது மாற்றினால் ஆப்ட் கண்டுபிடித்து மறுத்துவிடும். டெப் கோப்பு ஒன்றை எங்கிருந்தோ இறக்கி நேரடியாக நிறுவும்போது இந்தக் காவல் இல்லை. அதோடு, ஒவ்வொரு பேக்கேஜுக்குள்ளும் நிறுவும் நேரத்தில் ஓடும் சிறு நிரல்கள் இருக்கும்; அவை ரூட் என்ற முழு நிர்வாகி அதிகாரத்தில் ஓடுகின்றன. அதாவது நிறுவி முடிப்பதற்குள்ளேயே அது எதை வேண்டுமானாலும் செய்துவிடலாம். நிறுவிப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்ற பேச்சு, வீட்டுச் சாவியைக் கொடுத்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பதற்குச் சமம்.

பிபிஏ என்ற தனியார் களஞ்சியங்களை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். சேர்ப்பதற்கு முன் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். சேர்த்துவிட்டு வேண்டாம் என்றால் பட்டியலிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, அங்கிருந்து வந்த பேக்கேஜ்கள் அப்படியே தங்கிவிடும். 'பிபிஏ-பர்ஜ்' என்ற கருவி அவற்றை உபுண்டுவின் சொந்தப் பதிப்புக்கு இறக்கிவிடும். கணினியில் இருக்கும் எந்தப் பேக்கேஜ் எங்கிருந்து வந்தது என்று சந்தேகம் வந்தால் 'ஆப்ட் பாலிசி' என்று தட்டி அதன் பெயரைக் கொடுங்கள், முகவரியோடு சொல்லும். கையொப்பம் சரியில்லை என்று பிழை வந்தால் 'டிரஸ்டெட் சமம் யெஸ்' என்று களஞ்சிய வரியில் எழுதச் சொல்லும் யோசனை கிடைக்கும். செய்யாதீர்கள். புகை வருகிறது என்று மணியடித்தால் மணியைக் கழற்றி வைப்பது போன்றது அது.

இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை 'கர்ல்' கொண்டு இறக்கி, அதை அப்படியே 'சூடோ பேஷ்' கையில் கொடுக்கும் ஒற்றை வரிக் கமாண்டுகள் இப்போது நாகரிகமாகிவிட்டன. என்ன செய்யப்போகிறது என்று ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. நல்ல நோக்கமுள்ள ஸ்கிரிப்டாக இருந்தாலும், அது போட்ட கோப்புகள் ஆப்ட்டின் கணக்கில் ஏறாது; பிறகு ஆப்ட் ரிமூவ் என்று எத்தனை முறை தட்டினாலும் போகாது. 'டிபிகேஜி மைனஸ்' போட்டு பெரிய எழுத்து எஸ், பிறகு கோப்பின் முழுப் பாதை. அப்படித் தட்டினால் அது எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது என்று தெரியும். யாருக்கும் சொந்தமில்லை என்று வந்தால் அநாதைக் கோப்பு, அதைப் போட்டவரின் இணையப் பக்கத்தில்தான் நீக்கும் வழியைத் தேட வேண்டும்.

பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் 'சூடோ பிப் இன்ஸ்டால்' என்பதும் இதே ரகம். பிப் எடுத்து வரும் பிஐபிஐ களஞ்சியத்தில் யாரும் எதையும் ஏற்றலாம். 2017-இலேயே ஸ்லோவாக்கியாவின் பாதுகாப்பு அமைப்பு, பிரபலப் பெயர்களைப் போலவே பெயர் வைத்த போலிப் பேக்கேஜ்களை அங்கே கண்டுபிடித்தது. 'செட்டப்டூல்ஸ்' என்பதன் நடுவே ஒரு சிறுகோடு போட்ட பெயரும் அதில் ஒன்று. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத பேக்கேஜ் பெயர்களையும் நம்பிக்கையோடு சொல்கின்றன. அந்தப் பெயரில் யாராவது கடை விரித்துக் காத்திருக்கலாம். டெபியன் 12 முதல் பிப் நேரடியாக இயங்குதளத்தில் கைவைக்க மறுக்கிறது. மறுத்தால், அதை மீறும் 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற தேர்வைத் தேடி ஒட்டுகிறார்கள். அதன் பெயரிலேயே 'உடை' என்று இருக்கிறதே ஐயா! 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்' போட்டு, 'பைத்தான்3 மைனஸ் எம் வென்வ்' என்று தட்டி ஒரு அடைவின் பெயரைக் கொடுத்தால் தனி அறை ஒன்று கிடைக்கும். அதற்குள் என்ன வேண்டுமானாலும் நிறுவுங்கள். வேண்டாமென்றால் அந்த அடைவை அழித்தால் முடிந்தது. அந்தத் தம்பிக்குத் தேவைப்பட்டதும் இதுதான், பைத்தான்3-ஐ நீக்குவதில்லை.

கடை பெரிய கடையாக இருந்தாலும் காவல் தளரும். 2024 பிப்ரவரியில் உபுண்டுவின் செயலிக் கடையான ஸ்நாப் ஸ்டோரில் எக்ஸோடஸ் என்ற கிரிப்டோ பணப்பையின் பெயரில் ஒரு போலிச் செயலி இருந்தது. அதை நிறுவி, தன் ரகசியச் சொற்களைத் தட்டிய ஒருவர் 9 பிட்காயினை இழந்தார்.

இப்படி ஏதாவது நிறுவிய பிறகு பணம் போனதென்றால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன், பதற்றத்தில் மாற்றிவிடாதீர்கள். கணினியின் இணையத்தைத் துண்டியுங்கள். அதை ஃபார்மட் செய்யாதீர்கள், அந்தப் பேக்கேஜை நீக்கவும் வேண்டாம், அது சாட்சி. வேறு கைபேசியிலிருந்து 1930-ஐ அழையுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் அதை நிறுத்திவைக்க வாய்ப்புள்ள முதல் சில மணி நேரம் இதுதான். கையில் வைத்திருக்க வேண்டியவை: உங்கள் வங்கிக் கணக்கு எண், பரிவர்த்தனை எண், தொகை, நேரம். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, மத்திய உள்துறையின் சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் முழுப் புகாரையும் பதியுங்கள், ஹிஸ்டரி.லாக் நகலையும் அந்தச் செயலியை இறக்கிய முகவரியையும் இணையுங்கள். வங்கிக்கும் அன்றே எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். 2017 ஜூலை 6-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, உங்கள் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும் நீங்கள் வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு. 'நாளைக்குக் கிளைக்குப் போய்ச் சொல்லிக்கலாம்' என்றால் அந்த ஒரு நாள் உங்கள் தலையில். பிறகு மாவட்டத்தின் சைபர் கிரைம் காவல் நிலையம். "இது லினக்ஸா, அப்படின்னா என்ன?" என்று அங்கே கேட்கலாம், விளக்கம் சொல்லி நேரம் கடத்தாமல் தாள்களை நீட்டுங்கள்.

அலுவலகங்களுக்கும் ஒரு வார்த்தை. கணினி வாங்க டெண்டர் விடுகிறீர்கள், நிறுவி வைத்து ரிப்பன் வெட்டுகிறீர்கள். அதற்குப் பிறகு 'ஆப்ட் அப்கிரேட்' செய்வது யாருடைய வேலை என்று எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை. ஒரு இடத்தில் இருபது கணினிகளில் உபுண்டு 18.04 ஓடுவதைப் பார்த்தேன். அதன் வழக்கமான ஆதரவு 2023-இலேயே முடிந்துவிட்டது. 20.04-க்கு 2025-இல் முடிந்தது. 'கேட் /இடிசி/ஓஎஸ்-ரிலீஸ்' என்று தட்டினால் உங்களிடம் இருப்பது எது என்று தெரியும். தனிநபர்கள் உபுண்டு புரோவில் ஐந்து கணினிகள் வரை இலவசமாகப் பதிந்து, பத்து வருடம் வரை பாதுகாப்பு மேம்பாடுகளைப் பெறலாம்; இல்லையென்றால் புதிய பதிப்புக்கு மாறுங்கள். நிறுவனங்களில் ஊடுருவல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு சொல்கிறது. அந்த இருபது கணினிகளின் பொறுப்பாளரிடம் இதைச் சொன்னேன். "எங்களுக்கு அப்படி ஒண்ணும் சர்க்குலர் வரலையே" என்றார்.

பிழை உண்மையிலேயே பேக்கேஜில் இருந்தால் புகார் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. உபுண்டுவில் 'உபுண்டு-பக்', டெபியனில் 'ரிப்போர்ட்பக்' என்று தட்டிப் பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால் தேவையான விவரங்களை அதுவே திரட்டிக்கொள்ளும். அதற்கு ஆங்கிலம் தடை என்றால் சென்னையில் ஐஎல்யுஜி என்ற லினக்ஸ் பயனர் குழு, காஞ்சிபுரத்தில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, தமிழில் எழுதிவரும் கணியம் நண்பர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். காசு வாங்காமல் உதவுகிறவர்கள். அவர்கள் நேரத்துக்கு மதிப்புக் கொடுங்கள்.

என்னிடம் வருகிறவர்களும் தயவுசெய்து ஹிஸ்டரி.லாக் கோப்பையும் பிழைச் செய்தியையும் எழுத்தாக நகலெடுத்து வாருங்கள். ஆடிய ஃபோட்டோ வேண்டாம்.